எடுத்து வைத்த பங்கு

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் திருவிருந்து. ஆராதனை முடியும் தறுவாயில் போதகர் அப்பத்தைப் பிட்டுத் தட்டில் வைப்பார், பாத்திரத்தில் திராட்சரசம் இருக்கும். பெஞ்சு பெஞ்சாக எழுந்து போய் முன்னால் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். பெண்கள் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில் மட்டும் பேச்சுச் சத்தம் இருக்காது, ஃபேன் ஓடுகிற சத்தமும் செருப்பில்லாத காலடிகளும்தான்.

என் அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கைக்குழந்தையோடு யாராவது எழுந்தால், "கொழந்தைய இங்க குடுத்துட்டுப் போம்மா, அது அங்க வந்து அழப்போவுது" என்று கையை நீட்டுவாள். வரிசை முடிவதற்குள் அவள் மடியில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கும். ஒன்று அவள் முந்தானையை இழுக்கும், ஒன்று தோளில் வாந்தி எடுக்கும். எல்லாரும் வாங்கிவிட்டுத் திரும்பும்போது திருவிருந்து முடிந்திருக்கும். எத்தனையோ போதகர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். எல்லாருமே அம்மாவின் தியாகத்தை மெச்சினார்கள். தாய்மார்கள் நிம்மதியாகத் திருவிருந்து வாங்க வேண்டும் என்பதற்காக அந்தம்மா தன் பங்கை விட்டுக்கொடுக்கிறார் என்று ஒருவர் பிரசங்கத்திலேயே சொன்னார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். நான் பஸ் கண்டக்டர். ஸ்ரீபெரும்புதூர் போகிற கூட்டத்தில், டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனைப் பின்மண்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வாயும் கொஞ்சம் அதிகம், கோபமும் அதிகம். அப்படிப்பட்டவன் வீட்டில் இருக்கிற ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டதை எத்தனையோ வருடம் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிக் காலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதெல்லாம் சமைச்சிக் குடுங்க" என்றார் டாக்டர். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். செவிலிமேட்டில் எங்கள் வீட்டின் முன்அறையில், ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தோம்.

கோயிலுக்கு வர முடியாதவர்களுக்குப் போதகர் வீட்டுக்கே வந்து திருவிருந்து கொடுப்பது எங்கள் வழக்கம். நான் கேட்டதும் வந்தார். இளைஞர், சபைக்குப் புதிதாக வந்தவர். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சின்னக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணி விரித்து, சிறிய தட்டையும் பாத்திரத்தையும் எடுத்து வைத்தார். ஜெபம் சொன்னார். அப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தபோது அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்து என்று நினைத்துக்கொண்டாளோ என்று, "அம்மா, ஐயா திருவிருந்து குடுக்கிறாரு, திரும்பு" என்றேன்.

"தெரியுதுபா. நான் வாங்கக் கூடாது."

"ஏன்?"

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வந்தவர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், இவள் சின்னப்பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறாள். "ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் தூக்கி வெச்சிக்கினு இருந்தியே, இப்ப இன்னா சாக்கு?" என்று கேட்டுவிட்டேன். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். போதகர் அப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இருந்தார். அதனால்தானோ என்னவோ அம்மா பேசினாள்.

அவள் சொன்னது புரிய வேண்டுமென்றால் நாங்கள் முன்பு இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர் தெரு ஒன்றின் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா மூட்டை தூக்கினார். அம்மா ஒரு தறிக்கார வீட்டில் தார் சுற்றினாள். பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கிற வேலை. அந்தக் குழல்தான் நாடா என்கிற ஓடத்துக்குள் உட்கார்ந்து தறியில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடும். அந்த வீட்டுக்காரம்மாவை அம்மா அக்கா என்பாள், நான் பெரிம்மா என்பேன். ஆரம்பத்தில் அந்த வீட்டில் அம்மாவுக்குத் தனி டம்ளர். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்த டம்ளர் எப்போது காணாமல் போனதென்று இப்போது இரண்டு பேருக்குமே ஞாபகமில்லை.

அவர்கள் சிவபக்தர்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடமாட்டோம் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் ஆயுத பூஜையோ பொங்கலோ, பெரிம்மா படைப்பதற்கு முன்னாலேயே எங்களுக்கென்று ஒரு தூக்கில் எடுத்து வைத்துவிடுவார். கொடுக்கும்போது, "இது உங்களுது, படைக்காதது" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வார். சுண்டல், பொரி, சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. இந்த ஊரில் இது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை, பல வீடுகளில் நடக்கிறதுதான். நாங்களும் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்புவோம்.

எனக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. கண் சொருகி, கைகால் வெட்டி இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதுவரை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுள்ளதை அன்றுதான் கேட்டேன்.

"சபையில இருந்து வந்து ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாங்க. நானும் பண்ணிக்கினுதான் இருந்தேன். நீ கண்ணத் தொறக்கல. நர்சு வந்து, சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்கன்னு சொல்லிட்டாங்க" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தினாள். "அப்போ அக்கா வந்தாங்க. உனக்காக அம்மன் கோயில்ல மாவிளக்கு போட்டுட்டு, அந்த மாவ எடுத்துக்கினு வந்தாங்க. இது படைச்சதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஏமாத்தல. நான் தெரிஞ்சேதான் வாங்கினேன். ஒரு உருண்ட நான் துன்னேன். ஒரு சிட்டிக உன் நாக்குல தடவினேன்."

"சரி, அதுக்கு?" என்றேன்.

"ரெண்டு பந்தியில கை வெச்சவ, திரும்பவும் ஆண்டவரோட பந்திக்கு எப்பிடிப்பா போவேன்?"

போதகர் மெதுவாகச் சொன்னார். "அம்மா, பெத்த பிள்ளை உயிருக்குப் போராடும்போது தாய் செஞ்சது. ஆண்டவர் அதை அப்பவே மன்னிச்சிருப்பார்."

"மன்னிப்பாருன்னு எனக்குத் தெரியும்யா. அதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. மன்னிக்கிறது வேற, பந்தியில குந்த வெக்கிறது வேற."

பந்தி என்று அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குப் புரிந்தது. அம்மா பிறந்த ஊரில் அவள் தாய்தகப்பன் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் வெளியே களத்துமேட்டில் காத்திருக்க வேண்டும். உள்ளே எல்லாப் பந்தியும் முடிந்தபிறகு அவர்கள் கொண்டுபோன பாத்திரத்தில் கொட்டுவார்கள். அந்த வீட்டுக்காரர்கள் அன்பாகவும் பேசுவார்களாம், குறை செய்தால் பொறுத்தும் போவார்களாம், ஆனால் இலை போட்டதில்லை. அம்மா கடவுளை அந்த அளவுக்குத்தான் நம்பி வைத்திருந்தாள். நல்லவர், மன்னிப்பார், உள்ளே கூப்பிடமாட்டார்.

"மன்னிப்பு கேட்டுட்டு வாங்கிக்கலாம் இல்லம்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எத்தினியோ தடவ கேக்கப் பாத்தேன்மா. வாயில வரல. தப்பு பண்ணிட்டேன்னு அழணும் இல்ல? அழுதா, இவன் பொழச்சத வேணான்னு சொல்ற மாதிரி ஆயிடும். இவன் எந்தச் சாமியால பொழச்சான்னு எனக்குத் தெரியாது. ஊசியில பொழச்சானோ இன்னாவோ. ஆனா அன்னிக்குத் திரும்பவும் குடுத்தா, திரும்பவும் துன்னுவேன். மனசுல அத வெச்சிக்கினு அங்க போயி கைய நீட்டச் சொல்றியா?"

போதகர் பெட்டியை மூடினார். வாசலில் என்னிடம், "வற்புறுத்தாதீங்க. எப்போ கூப்பிட்டாலும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நான் டூட்டிக்குப் போகவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் வாங்கிய திருவிருந்தையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். என்னைக் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அனுப்பிவிட்டு, எனக்கு உயிர் வந்த காரணத்துக்காகவே ஒருத்தி கடைசி பெஞ்சில் பட்டினி கிடந்திருக்கிறாள். அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து நாங்கள் கைதட்டியிருக்கிறோம். இந்த நிலையிலேயே அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவளை நரகத்துக்கு அனுப்புவார்கள் என்ற பயம் எனக்கில்லை. அங்கேயும் போய்க் கதவுக்கு வெளியே யார் பிள்ளையையாவது தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாளே என்பதுதான் என் பயம்.

பைக்கை எடுத்துக்கொண்டு பெரிம்மா வீட்டுக்குப் போனேன். என் மனதில் ஒரு யோசனை இருந்தது. அந்த வீட்டில் இப்போது மகன் தறியைப் பார்க்கிறான். மருமகள் புடவையைப் பிரித்துப் போனில் படமெடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தாள். பெரிம்மா நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, "பெரிம்மா, நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அது படைக்காத மாவுன்னு சொல்லிடுங்க. நீ மனசு ஒடிஞ்சிருந்தப்ப சும்மா தைரியத்துக்குச் சொன்னேன், அது வீட்ல இடிச்ச மாவுதான்னு சொல்லிடுங்க. அம்மா நம்பிடும்" என்றேன்.

அவர் கீரையை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாவக் கெடக்கிறவகிட்ட என்னப் பொய் சொல்லச் சொல்றியா?"

"நல்லதுக்குத்தானே."

"ரொம்ப நல்லாத்தான் யோசன பண்ணிக்கினு வந்திருக்கிற. டேய், நான் மடிச்சேல கட்டிக்கினு, உன் பேர் சொல்லி விளக்கு போட்டு, கொழுந்து எரிஞ்சி முடியற வரைக்கும் குந்தியிருந்து எடுத்துக்கினு வந்த மாவு அது. அது சும்மா மாவா?" கையை உதறிக்கொண்டு எழுந்தார். "இத்தினி வருஷமா அவ சாப்பிடாம இருந்தான்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே. ஆட்டோ கூப்பிடு. பொய்யெல்லாம் எனக்கு வராது. வாய்க்கு வர்றதச் சொல்றேன்."

பெரிம்மாவுக்கு முழங்கால் சரியில்லை. ஆட்டோவிலிருந்து அவரை இறக்கி உள்ளே கூட்டி வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கட்டிலில் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். வீங்கியிருந்த காலைத் தொட்டுப் பார்த்தார். நலம் விசாரிக்கவில்லை.

"நான் குடுத்த மாவத் துன்னுட்டு உங்க சாமிகிட்ட சாப்பிடாம இருந்தியாமே. நெசமா?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"நான் குடுத்ததால தப்பாப் போச்சின்னு நெனைக்கிறியா?"

"ஐயோ, உங்க மேல இன்னா தப்பு அக்கா. நீங்க உசுரையே குடுத்தீங்க."

"அப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. பூசைக்குப் பூசை உனக்கு எடுத்து வெப்பனே, எப்போ எடுத்து வெப்பேன்?"

"படைக்கிறதுக்கு முன்னாடி."

"முன்னாடின்னா இன்னான்னு தெரியுமா உனக்கு? எங்க வீட்ல சாமிக்கு வெக்காம ஒரு பருக்க வாயில போடமாட்டோம். கொழந்த அழுதாகூடக் குடுக்கமாட்டோம். உப்பு பாத்தேன்னு எங்க மாமியார் கரண்டியாலயே என் கையில சூடு இழுத்துட்டாங்க ஒரு தடவ. அந்த வீட்ல, பொங்கல் எறக்கினதும் மொத கரண்டி உன் தூக்குல போடுவேன். உனக்குப் போட்ட மிச்சத்தத்தான் நான் சாமிக்கு வெச்சேன். இத்தினி வருஷமா எங்க சாமி மிச்சத்தத்தான் சாப்பிட்டுக்கினு இருக்குது."

அந்தத் தூக்கைப் பற்றி நான் ஒருநாளும் அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை. எங்கள் சுத்தத்துக்காகத்தான் அது என்று நினைத்திருந்தேன். அவர்கள் தங்கள் சுத்தத்தைக் கெடுத்துக்கொண்டு கொடுத்தார்கள் என்று தெரியாது.

அம்மா கேட்டாள். "உங்களுக்குப் பயமா இல்லியா அக்கா?"

"பயந்துக்கினுதான் எடுத்து வெச்சேன். மாமியார் பின்கட்டுல இருக்கிறப்பப் பாத்து எடுத்து வெப்பேன். வாசப்படியில நின்னு, சாமி, மொதல்ல அவளுக்கு வெச்சிட்டேன், கோச்சிக்காதன்னு கேட்டுக்குவேன். அது கோச்சிக்கல. கோச்சிக்கினு இருந்தா என் தறி ஓடியிருக்குமா? நான் பேரன் பேத்தி எடுத்திருப்பேனா?" பெரிம்மா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டார். "எனக்கே உனக்கு மொதல்ல எடுத்து வெக்கணும்னு தோணிச்சே. உன்னப் படைச்சவருன்னு சொல்ற, உனக்காக உசுர விட்டாருன்னு சொல்ற. அவருக்கு அது தோணாதா? உனக்கு எடுத்து வெச்சிருக்கமாட்டாரா? போய்ப் பாக்காமலே இல்லன்னு நீயா சொல்லிக்கினு இருந்தா, அந்தாளுதான் இன்னா பண்ணுவாரு?"

அம்மா அழ ஆரம்பித்தாள். அவள் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை, அப்பா செத்தபோதுகூட. மூச்சு வாங்குகிறதே என்று என் மனைவி பயந்து முதுகைத் தடவினாள். பெரிம்மா அவள் காலைப் பிடித்தபடியே இருந்தார். தேவன் மனிதர்மேல் வைத்த அன்பைப் பற்றி ஞாயிற்றுக்கு ஞாயிறு கேட்டுக் காது மரத்துப்போனவன் நான். வானத்தையும் பூமியையும் ஆளுகிறவர் தமக்கு வரவேண்டிய மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, களத்துமேட்டில் நிற்கிற ஒரு கூலிக்காரப் பெண்ணுக்கு முதல் கரண்டியை எடுத்து வைத்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் உட்கார முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கூப்பிட்டாள்.

"ஐயாவ வரச் சொல்லுபா. அக்கா இருக்கிறப்பவே வரட்டும்."

போதகர் சாயங்காலம் வந்தார். பெரிம்மா எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க இருங்கம்மா" என்றார் போதகர். மறுபடியும் வெள்ளைத் துணி, சின்னத் தட்டு, பாத்திரம். அம்மாவுக்கும் எனக்கும் என் மனைவிக்குமாக அப்பத்தை மூன்று துண்டு பிட்டு வைத்தார். என் மனைவி அம்மாவின் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுப் பெரிம்மாவும் தன் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

போதகர் கட்டிலருகே வந்ததும் அம்மா அவரை நிறுத்தினாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லிடுறேன். அந்த மாவத் துன்னதுக்கு எனக்கு இப்பவும் வருத்தம் வரல. அதோட வாங்கலாமா?"

அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில் அதற்கு என்ன விடை இருந்ததோ எனக்குத் தெரியாது. முழங்கால் போட்டு அம்மாவின் முகத்துக்கு நேராக வந்தார்.

"அதோடவே வாங்கிக்குங்கம்மா. மீதிய நீங்களும் அவரும் பேசிக்குவீங்க."

அம்மா கையை ஏந்தினாள். விரலெல்லாம் வீங்கியிருந்தது. வலது கைக்குக் கீழே இடது கையை வைத்து, எத்தனையோ வருடங்களாகக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகியவள்போலச் சரியாக ஏந்தினாள். அவர் தம்மையே நமக்காகக் கொடுத்தார் என்று சொல்லிப் போதகர் அப்பத்தை வைத்தார். அம்மா வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பிறகு பாத்திரத்தைப் பிடித்துக் கொடுத்தபோது குடித்தாள். உதட்டோரம் வழிந்ததை நான் துடைத்துவிட்டேன்.

போதகர் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அம்மா அவர் அங்கியின் கையைப் பிடித்தாள்.

"இன்னொண்ணு குடுங்கய்யா."

"அம்மா, ஒண்ணுதான் குடுப்பாங்க" என்றேன்.

"பசிக்குதுபா" என்றாள்.

போதகர் தட்டைப் பார்த்தார். இரண்டு துண்டு இருந்தது.

"என்னுத அதுக்குக் குடுத்துடுங்கய்யா" என்றேன்.

அவர் கொடுத்தார். அம்மா அதையும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அவசரமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.